தண்ணீருக்கு வழி விடுங்கள்



எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு ‘பழைய காரும் துருவும்’. பெரிய தலைப்பு. ஆனால் நான் இன்று ஒன்றைத்தான் சொல்லப்போகிறேன். அதையே பல பக்கத்திலிருந்து திரும்பத் திரும்பச் சொல்லப்போகிறேன். துரு எடுப்பதைப் பெயிண்ட் வேலை என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது தண்ணீர் வேலை. தண்ணீர் எங்கே நுழைகிறது? எங்கே தங்குகிறது? எந்த வழியாக வெளியே போக வேண்டும்? இந்த மூன்று கேள்விக்கும் பதில் தெரியாமல் எந்த வண்டிக்கும் பெயிண்ட் அடிக்காதீர்கள். அடித்தால் அந்தப் பணம் வீண். அந்தத் தொழிலாளியின் உழைப்பும் வீண்.

முதலில், துரு எப்படிப் பிடிக்கிறது? இரும்பு வேண்டும், தண்ணீர் வேண்டும், காற்றில் இருக்கும் ஆக்சிஜன் வேண்டும். இது பள்ளிக்கூடத்திலேயே படித்ததுதான். அங்கே பலருக்குச் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. வெறும் தகட்டின் மேல் ஒரு துளி உப்புத் தண்ணீரை விடுங்கள். துளியின் ஓரத்தில் காற்று தாராளமாகக் கிடைக்கும். நடுவில் குறைவாகக் கிடைக்கும். அந்த வித்தியாசம் போதும், அந்தத் துளி ஒரு சிறு மின்கலமாக வேலை செய்யத் தொடங்கிவிடும். கரைந்து போவது எந்த இடம் தெரியுமா? காற்று தாராளமாகப் படும் ஓரம் இல்லை. காற்று குறைந்த நடுப்பகுதிதான் கரைகிறது.

இதை மனதில் வைத்துக்கொண்டு உங்கள் வண்டியை நினைத்துப் பாருங்கள். வெயிலும் காற்றும் படுகிற பானெட் நடுவில் துரு பிடிக்கிறதா? அபூர்வம். எங்கே பிடிக்கிறது? இரண்டு தகடு ஒன்றின் மேல் ஒன்று மடிந்து நிற்கும் கதவு விளிம்பில். மட்கார்டு பாடியோடு சேரும் இடுக்கில். கால் மிதிக்குக் கீழே, கார்ப்பெட்டுக்கு அடியில். ஈரம் புகும், காற்று புகாது, வெளியேற வழி இருக்காது. அங்கேதான் தகடு முதலில் போகிறது. கரைந்த இரும்பு துருவாக மாறும்போது பல மடங்கு இடம் கேட்கிறது. அதனால்தான் பெயிண்ட் உப்புகிறது. அதனால்தான் ஸ்பாட் வெல்டிங் போட்ட இரண்டு தகடுகள் வாய் பிளக்கின்றன. வெளியே ஒரு கடுகளவு உப்பல் உங்கள் கண்ணில் படும் அன்று, உள்ளே அந்த வேலை தொடங்கி வெகுநாள் ஆகியிருக்கும்.

நம் ஊர் கடற்கரை ஊர். உப்பு என்ன செய்யும் என்பதற்கு நமக்குப் பாம்பனை விடப் பெரிய பாடம் வேண்டுமா? 1914இல் திறந்த பாலம். நூறு ஆண்டுக்கு மேல் ரயிலைச் சுமந்த இரும்பு. வர்ணம் அடிப்பதும் தகடு மாற்றுவதும் அங்கே ஓயாத வேலை. அத்தனை கவனிப்புக்குப் பிறகும் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்த வேண்டி வந்தது. புதிய பாலம் 2025 ஏப்ரலில்தான் திறக்கப்பட்டது. பழைய பாலத்தைப் பார்த்துக்கொள்ள ஒரு படையே இருந்தது. சாந்தோமிலும் பெசன்ட் நகரிலும் தெருவில் நிற்கும் நம் வண்டியைப் பார்த்துக்கொள்ள யார் இருக்கிறார்கள்?

கடற்காற்றை நாம் தடுக்க முடியாது. ஆனால் இன்னொரு உப்பு இருக்கிறது. அதை நாமே கொண்டுவந்து ஊற்றுகிறோம். காலையில் வண்டி துடைக்கிற தம்பி எந்தத் தண்ணீரில் துடைக்கிறார் என்று கவனித்திருக்கிறீர்களா? கடலோரத் தெருக்களில் எத்தனையோ வீட்டு போர் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு. அதைத் தினமும் ஒரு பக்கெட் வண்டியின் மேல் ஊற்றுகிறோம். தண்ணீர் காய்ந்துவிடும், உப்பு கதவின் மடிப்புக்குள் தங்கிவிடும். அடுத்த நாள் இன்னொரு பக்கெட். தயவுசெய்து இதை நிறுத்துங்கள். வாரம் ஒரு நாள் நல்ல தண்ணீரில் கழுவினால் போதும். மழை பெய்து ஓய்ந்ததும் வண்டியின் அடியில், சக்கரத்துக்கு மேல் உள்ள வளைவில், நல்ல தண்ணீரை அடித்துச் சேற்றை இறக்குங்கள். மேலே பளபளப்பதைவிட அடியில் சேறு இல்லாமல் இருப்பது முக்கியம்.

இனி வண்டிகளுக்கு வருகிறேன். ‘அந்தக் காலத்து இரும்பு சார், ஒண்ணும் ஆகாது’ என்று சொல்வார்கள். அந்தப் பேச்சை நம்பாதீர்கள். உத்தர்பாராவில் 2014 வரை செய்த அம்பாசடரின் தகடு கனமானது, உண்மைதான். ஆனால் அந்த வண்டிக்குத் தனி சேஸிஸ் கிடையாது, பாடியே சேஸிஸ். மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து வந்த அமைப்பு அப்படி. குர்லாவில் செய்த பத்மினியும் அப்படித்தான். 1983 டிசம்பரில் வந்த மாருதி 800உம் அப்படித்தான். அதில் தகடு இன்னும் மெலிது. கதவுக்குக் கீழே முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை ஓடுகிற பெட்டி போன்ற சட்டம் இருக்கிறதே, அதுதான் இந்த வண்டிகளின் பலம். அது அரித்துப்போனால் போவது அழகு மட்டுமில்லை. ஒரு விபத்தில் உள்ளே இருப்பவரைக் காக்க வேண்டிய எலும்பே இல்லாமல் போகிறது.

நம் ஊரிலேயே, பெருங்களத்தூரில் செய்த ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் வேறு சாதி. அதற்குத் தனி சேஸிஸ் உண்டு. பாடியைப் பகுதி பகுதியாக போல்ட் கழற்றி எடுக்கலாம். முன்பக்கம் முழுவதும் ஒரே மூடியாகத் திறக்கும். துரு வேலை செய்வதற்கு இதைவிடத் தோதான வண்டி கிடைப்பது அரிது. ஹெரால்ட் வைத்திருப்பவர்கள் பாடியை விட்டுவிட்டு, சேஸிஸிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகளின் நுனியைப் பாருங்கள். பாடி உட்காருவது அங்கேதான். அங்கேதான் சேறும் உட்காரும்.

துருவைத் தடுக்க, போர்ஷே 1975 வாக்கில் தன் 911 வண்டிக்குத் துத்தநாகம் பூசிய தகட்டைக் கொண்டுவந்தது. 1980களின் நடுவில் ஆடி பின்தொடர்ந்தது. நம் பழைய வண்டிகளுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. ஆகவே உடையவர்தான் காக்க வேண்டும்.

ஒரு சம்பவம் சொல்கிறேன். திருவான்மியூரில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர். கணவர் ஆசையாக வாங்கிய பத்மினி. அவர் மறைந்த பிறகும் வண்டியை விற்க இவருக்கு மனமில்லை. ஒரு பட்டறையில் விட்டு முழு பெயிண்ட் அடித்து வாங்கினார். வண்டி கண்ணாடியாக மின்னியது. அடுத்த மழைக்காலம் முடிவதற்குள் நான்கு கதவின் அடியிலும் உப்பல். என்னை வரச்சொன்னார். ‘பெயிண்ட் மட்டம் சார், ஏமாத்திட்டாங்க’ என்றார். ‘அம்மா, வீட்டுல காந்தம் இருக்கா?’ என்று கேட்டேன். ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

கதவின் மேலிருந்து அந்தக் காந்தத்தை மெல்ல இறக்கினேன். கைப்பிடி வரை ஒட்டியது. அதற்குக் கீழும் ஒட்டியது. கடைசி ஒரு சாண் இருக்கிறதே, அங்கே வந்ததும் கையை விட்டேன்; பொத்தென்று தரையில் விழுந்தது. நான்கு கதவிலும் அதே கதை. தகடே இல்லாத இடத்தில் காந்தம் எதைப் பிடிக்கும்? கத்தி முனையால் சுரண்டினோம். முதலில் பெயிண்ட். பிறகு விரல் தடிமனுக்குப் பட்டி. பட்டிக்குப் பின்னால் ஃபைபர் வலை. அதற்கும் பின்னால் சுருட்டிய செய்தித்தாள், ஈரமாக. அதற்கும் பின்னால் தகடு பொடிப்பொடியாக உதிர்ந்தது.

நான் அங்கே கவனித்தது அந்தச் செய்தித்தாளை இல்லை. கதவின் அடியில் வண்டி செய்தவர்கள் சின்னச் சின்ன ஓட்டை விட்டிருப்பார்கள். கண்ணாடி இறங்குகிற இடுக்கு வழியாகக் கதவுக்குள் மழைத் தண்ணீர் போகத்தான் செய்யும். அது வெளியேற அந்த ஓட்டைகள். அத்தனையும் பட்டியால் அடைபட்டிருந்தன. கம்பியால் ஒன்றைக் குத்தினேன். கறுப்பாக, அழுகிய இலையும் சேறுமாக, கதவுக்குள்ளிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. அந்த அம்மாவுக்குப் பேச்சு வரவில்லை. பெயிண்ட் நல்ல பெயிண்ட்தான். தண்ணீருக்கு வழியில்லை.

தோழர்களே, பட்டறையை மட்டும் நான் குறை சொல்ல மாட்டேன். வண்டியைக் கொண்டுவந்து விடும்போது நாம் என்ன கேட்கிறோம்? ‘எவ்வளவு ஆகும்? எப்ப கிடைக்கும்?’ இந்த இரண்டுதான். ‘உள்ளே எப்படி இருக்கு? திறந்து காட்டுங்க’ என்று எத்தனை பேர் கேட்கிறோம்? குறைந்த காசும் குறைந்த நாளும் கேட்டால் பட்டிதான் கிடைக்கும். பட்டி என்பது மேடுபள்ளம் சமன் செய்ய வந்த பொருள். மெல்லியதாக, நல்ல தகட்டின் மேல் இழுக்க வேண்டியது. அது ஈரத்தை உறிஞ்சும். ஓட்டையை அதைக்கொண்டு அடைப்பது, சொத்தைப் பல்லைச் சுரண்டாமல் மேலே சிமெண்ட் வைப்பது போன்றது.

அப்படியானால் எப்படிச் செய்ய வேண்டும்? கேளுங்கள்.

முதல் வேலை, திறப்பது. சீட்டைக் கழற்றுங்கள். கார்ப்பெட்டை முழுதாகத் தூக்குங்கள். அதன் அடியில் உள்ள பஞ்சு மெத்தையைப் பிழிந்து பாருங்கள். ஈரம் இருக்கிறதா? எங்கிருந்து வந்தது? முன் கண்ணாடி ரப்பர் பீடிங்கிலிருந்தா? கதவு பீடிங்கிலிருந்தா? வைப்பருக்குக் கீழே காற்று புகும் பகுதியைப் பாருங்கள். வேப்பமரத்தடியிலும் புங்கமரத்தடியிலும் நிற்கும் வண்டி என்றால் பூவும் சருகும் அங்கே எருவாகிக் கிடக்கும். அது வெளியேறும் வழியை அடைத்தால் மழைத் தண்ணீர் நேராக உள்ளே, உங்கள் காலடிக்கு வரும். டிக்கியில் ஸ்டெப்னி படுத்திருக்கும் பள்ளத்தைப் பாருங்கள். பேட்டரித் தட்டைத் தூக்குங்கள். ஆசிட் சிந்திய இடத்தில் தகடு காகிதமாகியிருக்கும். ஜாக்கி வைக்கும் இடத்தை ஸ்க்ரூடிரைவர் முனையால் அழுத்துங்கள். உள்ளே போகிறதா? போனால், இனி அங்கே ஜாக்கி வைக்காதீர்கள். அந்த இடத்தை வெட்டித்தான் ஆக வேண்டும். ஒருவர் உள்ளே உட்கார, இன்னொருவர் குழாயால் கண்ணாடி மேல் தண்ணீர் ஊற்றட்டும். எந்த இடத்தில் சொட்டுகிறது என்று சுண்ணாம்புக்கட்டியால் குறியுங்கள். இதற்கு ஒரு முழு நாளை ஒதுக்குங்கள். இந்த நாள் வீண் நாள் இல்லை.

திறந்தாயிற்று. அடுத்து என்ன? தகட்டைத் தரம் பிரிக்க வேண்டும். மேலோட்டமாகப் பழுப்பேறியிருக்கிறது, தட்டினால் ‘டங்’ என்று கேட்கிறது என்றால், கம்பி பிரஷும் உப்புத்தாளும் போதும். பளபளக்கும் இரும்பு தெரியும் வரை தேய்த்து, அன்றைக்கே எபாக்ஸி பிரைமர் அடித்துவிடுங்கள். அன்றைக்கே! நம் ஊர்க் காற்றில் தேய்த்த தகட்டை இரவு முழுக்கத் திறந்து போட்டால், காலையில் மஞ்சள் பூத்திருக்கும். மறுபடி முதலிலிருந்து தேய்க்க வேண்டும். பலர் ரெட் ஆக்சைடு அடித்துவிட்டு மாதக்கணக்கில் வண்டியை வெளியே நிறுத்திவிடுகிறார்கள். சாதாரண ரெட் ஆக்சைடு ஈரத்தை முழுதாகத் தடுக்காது. மேலே பெயிண்ட் ஏறினால்தான் அதற்குக் காப்பு.

கை புகாத மூலையில், தகட்டில் குழி விழுந்து, குழிக்குள் துரு மிச்சமிருந்தால்? அங்கே துரு மாற்றி என்று கடையில் விற்கும் திரவம் உதவும். அதில் சிலவற்றுக்கு அடிப்படை டானிக் அமிலம். இந்த வேதியியல் நமக்குப் புதிதே இல்லை. நம் முன்னோர் கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து மை காய்ச்சினார்கள். கும்பகோணம் பக்கத்துக் கருப்பூர்க் கலம்காரியின் கறுப்புக் கோடும் அதே வழிதான்: கடுக்காய்ச் சாற்றில் நனைத்த துணியில், துருப்பிடித்த இரும்பும் வெல்லமும் ஊறிய நீரைக்கொண்டு எழுதினால் கறுக்கும். கடுக்காயில் இருக்கும் டானின் இரும்போடு சேர்ந்து கரையாத கறுப்பாகிறது. உங்கள் வண்டியின் துருவின் மேல் அந்தத் திரவத்தைத் தடவியதும் கறுப்பாக மாறுகிறதே, அது இதுதான். ஆனால் ஒன்று. உதிர்கிற துருவின் மேல் தடவினால் கறுப்புத் தோல் உதிர்கிற துருவோடு சேர்ந்தே உதிரும். சுரண்டிவிட்டுத்தான் தடவ வேண்டும். பொத்தல் விழுந்த தகட்டை எந்தத் திரவமும் தகடாக்காது.

துருவையும் ஆராய்கிற பெரிய கூடம் ஒன்று நம் மண்ணில் இருப்பது நம் இளைஞர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், சிக்ரி. வள்ளல் அழகப்பச் செட்டியார் முந்நூறு ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்ததால் அது அங்கே வந்தது. டிங்கரிங் தொழிலைத் தொடர விரும்பும் தம்பிகள் மின்வேதியியலைக் கொஞ்சம் படியுங்கள். உங்கள் கைக்குத் தெரிந்தது உங்கள் புத்திக்கும் தெரிந்தால் உங்களை யாரும் குறைத்துப் பேச முடியாது.

பொத்தல் விழுந்த இடத்துக்கு வருவோம். அங்கே வழி ஒன்றுதான். வெட்ட வேண்டும். நல்ல தகடு வரும் வரை வெட்ட வேண்டும். ‘கொஞ்சம்தான் போயிருக்கு, மேலேயே பேட்ச் வச்சிடலாம்’ என்று சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். கெட்ட தகட்டின் மேல் நல்ல தகட்டை வைத்தால் நடுவில் மறுபடி ஒரு இடுக்கு. இடுக்கில் மறுபடி தண்ணீர். வெட்டிய இடத்துக்கு அட்டையில் அச்சு எடுத்து, பழைய தகட்டின் கனத்துக்கே புதுத் தகடு வெட்டுங்கள். பாடிக்குப் பெரும்பாலும் 20 கேஜ், அதாவது ஏறத்தாழ 0.9 மில்லிமீட்டர் பொருந்தும். பலம் தாங்கும் சட்டத்துக்கு அதைவிடக் கனம் வேண்டும். கேஸ் வெல்டிங்கில் நம் பழைய மேஸ்திரிகளின் கை பொன்னான கை. ஆனால் மெல்லிய தகடு அந்தச் சூட்டில் நெளியும். சி.ஓ.டூ வெல்டிங் இருந்தால் ஒரு புள்ளி இங்கே, ஒரு புள்ளி எதிர்க்கோடியில், ஆற விட்டு அடுத்தது என்று வையுங்கள். ஒரே மூச்சில் இழுக்காதீர்கள். சட்டத்தை வெட்டும் முன் வண்டிக்கு அடியில் முட்டு கொடுங்கள், கதவுகள் மாட்டியபடியே இருக்கட்டும். கதவின் இடைவெளி மாறினால் வண்டி தொய்கிறது என்று உடனே தெரிந்துவிடும்.

பேட்டரியைக் கழற்றாமல் வெல்டிங் கம்பியைத் தொடாதீர்கள். பெட்ரோல் டேங்க் பக்கத்தில் வேலை என்றால் டேங்கை வெளியே எடுத்துவிடுங்கள். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். தேய்க்கும்போது மூக்குக்குத் துண்டு கட்டினால் போதாது, முறையான மாஸ்க் போடுங்கள். ஒரு பம்பரைக் காக்கப் போய் ஒரு மனிதரின் நுரையீரலை நாம் கெடுக்கக் கூடாது. வண்டி உடையவர்களே, அந்த மாஸ்க்கை நீங்கள் வாங்கிக் கொடுங்கள்.

வெல்டிங் முடிந்தது. பிரைமர் அடித்தாயிற்று. தையல்களில் சீலன்ட் இழுத்தாயிற்று. இப்போது எல்லோரும் மறக்கும் வேலை வருகிறது: உட்பக்கம். சட்டத்தின் வெளிப்பக்கத்தை நாம் பெயிண்டால் காத்துவிட்டோம். உள்ளே வெல்டிங் சூட்டில் பெயிண்ட் எரிந்து வெறும் இரும்பு நிற்கிறதே! அங்கே பிரஷ் போகாது. நீளமான குழாய் வைத்த ஸ்பிரேயால் மெழுகு கலந்த துருத்தடுப்பு எண்ணெயை, உட்பக்கம் முழுதாகக் காய்ந்த பிறகு, ஓட்டை வழியாக உள்ளே அடிக்க வேண்டும். அடித்துவிட்டு, கம்பியால் வடிகால் ஓட்டைகளை மறுபடி திறந்துவிட வேண்டும். வண்டி அடியில் தார் போன்ற அண்டர்கோட்டிங்கைத் துருவின் மேலேயே கொட்டுகிறார்கள். அது ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டுகிறது. சுத்தமான, பிரைமர் அடித்த தகட்டின் மேல் என்றால் அது நல்லது. துருவின் மேல் என்றால் வேண்டவே வேண்டாம். அதேபோல் காற்றுப் புகாத பிளாஸ்டிக் கவர் போட்டு மாதக்கணக்கில் மூடி வைப்பதும் வேண்டாம். காற்று போய் வருகிற துணிக் கவர் போதும். கூரை இருந்தால் அதுவும் வேண்டாம்.

2015 டிசம்பர் வெள்ளத்தை நாம் மறக்க முடியுமா? 2023இல் மிக்ஜாம் புயலை மறக்க முடியுமா? வண்டிகள் நாள்கணக்கில் சாக்கடை கலந்த தண்ணீரில் நின்றன. எஞ்சினை ஓட வைத்ததும் வண்டி பிழைத்தது என்று பலர் நிம்மதி அடைந்தார்கள். கார்ப்பெட்டைத் தூக்கியவர்கள் குறைவு. சட்டத்துக்குள் புகுந்த சேற்றைக் கழுவியவர்கள் அதைவிடக் குறைவு. அந்த வண்டிகளில் பல இன்று ஃபுளோர் பொத்தலோடு பட்டறைக்கு வருகின்றன. 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததுமே வேளச்சேரி மேம்பாலத்தில் மக்கள் வண்டிகளை வரிசையாக ஏற்றி நிறுத்தினார்களே, அவர்களை நான் மனமாரப் பாராட்டுகிறேன். இந்த அரங்கில் வெள்ளத்தில் நின்ற வண்டி யாரிடமாவது இருந்தால், எத்தனை ஆண்டு ஆகியிருந்தாலும் சரி, இந்த வாரமே சீட்டைக் கழற்றிப் பாருங்கள்.

எல்லா வண்டியையும் காப்பாற்ற முடியுமா என்று கேட்பீர்கள். முடியாது. இரண்டு பக்கச் சட்டமும் போய், ஃபுளோரும் போய், சஸ்பென்ஷன் மாட்டும் இடமும் போய்விட்ட வண்டியை, குடும்பத்தை ஏற்றிக்கொண்டு ஓட்டாதீர்கள். அதன் கதவையும் விளக்கையும் புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளுக்கு அனுப்புங்கள். இன்னொரு வண்டி அதனால் பிழைக்கும். ஆனால் காக்கக்கூடிய வண்டியைக் காயலான் கடைக்குத் தள்ளிவிடாதீர்கள். ஐம்பது ஆண்டைக் கடந்து, பெரிய மாற்றம் எதுவும் செய்யாமல் மூல வடிவிலேயே இருக்கும் வண்டிகளுக்கு 2021 முதல் மோட்டார் வாகன விதிகளில் தனிப் பதிவு முறையே வந்திருக்கிறது. நாளை அந்தப் பதிவுக்குப் போகப்போகும் வண்டி இன்று உங்கள் வீட்டு வாசலில், கதவுக்குள் தண்ணீரோடு நின்றுகொண்டிருக்கலாம்.

என் பேச்சு இவ்வளவுதான். வெளியே மரத்தடியில் அன்பர்கள் கொண்டுவந்த வண்டிகள் நிற்கின்றன. மேஸ்திரிகள் கம்பியும் டார்ச்சும் எடுத்து வந்திருக்கிறார்கள். என் பையில் காந்தம் இருக்கிறது. ஒவ்வொரு கதவையும் திறந்து, அடியில் உள்ள ஓட்டைகளைக் குத்திப் பார்க்கலாம். கேள்விகளை அங்கே, வண்டிப் பக்கத்தில் நின்றே கேளுங்கள். வாருங்கள், போகலாம்.